ஸ்க்ரூடிரைவர் கையிலிருக்கும்போது படிக்க ஒரு வழிகாட்டி: கணினி வன்பொருள் குறிப்புகளைத் திட்டமிடும் முறை

வன்பொருள் வழிகாட்டியை யாரும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிப்பதில்லை. கேபினெட்டின் பக்கத் தகடு கழன்றிருக்கும், ஸ்க்ரூக்கள் மேசையில் சிதறியிருக்கும், வீட்டிலிருக்கும் ஒரே கணினி பிரித்துப்போட்ட நிலையில் கிடக்கும். படிப்பவர் கைபேசித் திரையை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவருக்கு மூன்று கேள்விகள்தான் இருக்கும். இப்போது என்ன செய்ய வேண்டும்? சரியாகத்தான் செய்தேனா? சரியில்லை என்றால் அடுத்து என்ன? முதல் கேள்விக்குப் பதில் சொல்லாத வழிகாட்டி கிடையாது. மற்ற இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவை மிகக் குறைவு. கீழே உள்ள திட்டம் முழுக்க அந்த இரண்டைச் சுற்றித்தான்.

முதலில் எல்லையைக் கட்டுங்கள்

"ரேம் கூட்டுவது எப்படி" என்று தலைப்பு வைத்தால் டெஸ்க்டாப், லேப்டாப், பழைய டிடிஆர்3, புதிய டிடிஆர்5 (டிடிஆர் எண் ரேமின் தலைமுறையைச் சொல்வது), மதர்போர்டிலேயே ரேம் சாலிடர் செய்யப்பட்ட மெல்லிய லேப்டாப் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். ஒவ்வொரு வரியிலும் "சில போர்டுகளில் இப்படி, சிலவற்றில் அப்படி" என்று எழுத நேரும்; படிப்பவர் தன்னுடையது எது என்று தெரியாமல் தவிப்பார். அதற்குப் பதில், "ஏற்கனவே ஒரு ஸ்டிக் உள்ள டிடிஆர்4 டெஸ்க்டாப்பில் இரண்டாவது ஸ்டிக் சேர்ப்பது" என்று சுருக்குங்கள்.

எல்லையைக் கட்ட இரண்டு வாக்கியங்கள் போதும். தொடங்கும்போது கணினி எந்த நிலையில் இருக்கும் என்பது ஒன்று. முடியும்போது எதைப் பார்த்து வேலை முடிந்தது என்று சொல்லலாம் என்பது இன்னொன்று. மேலே சொன்ன தலைப்புக்கு, இரண்டு ஸ்டிக்கும் 8 ஜிபி என்றால், முடிவு நிலை: "டாஸ்க் மேனேஜரில் மொத்த ரேம் 16 ஜிபி என்றும், வேகம் புதிய ஸ்டிக்கோடு சேர்ந்து எவ்வளவு என்றும் தெரிய வேண்டும்." இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது. மூன்றாவதாக, இந்த வழிகாட்டி யாருக்குப் பயன்படாது என்று ஒரு வரி சேர்த்தால் பலருடைய நேரம் மிஞ்சும்.

வாங்கும் முன் ஒரு வாசல்

திட்டத்தில் அதிக இடம் இதற்குத்தான் தர வேண்டும். தவறுகளில் பெரும்பாலானவை ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே, தவறான பாகத்தை வாங்கும்போது நடந்துவிடுகின்றன. ஆகவே செய்முறைக்கு முன்னால் ஒரு சரிபார்ப்புப் பகுதி வையுங்கள். அதைத் தாண்டாதவர் அடுத்த படிக்குப் போகக்கூடாது என்றே எழுதுங்கள்.

ரேமையே எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள். நீளமும் ஒன்றேதான். நடுவிலுள்ள வெட்டு மட்டும் சற்றுத் தள்ளி இருக்கும். ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. அழுத்தினால் உடையும். லேப்டாப் ஸ்டிக்குகளில் டிடிஆர்4-க்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262. "12ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் என்றால் இந்த ரேம்" என்று எழுதினால் பாதிப் பேருக்குத் தவறாகும். அந்தப் பிராசசர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டுகள் டிடிஆர்4-க்கும் உண்டு, டிடிஆர்5-க்கும் உண்டு; ஒரே பிராசசர் இரண்டிலும் ஓடும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் அந்தக் குழப்பம் இல்லை, அது டிடிஆர்5 மட்டுமே. ஆகவே பிராசசர் பெயரைக் கேட்காதீர்கள், மதர்போர்டு பெயரைக் கேளுங்கள்.

எம்.2 எஸ்எஸ்டியில், அதாவது போர்டிலேயே செருகும் பட்டை வடிவச் சேமிப்பகத்தில், பொறி வேறு மாதிரி. 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்பதால் 2280 என்று பெயர். அளவு பொருந்திவிட்டால் வேலை செய்யும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் அதே வடிவத்தில் சாட்டா வகையும் (பழைய, வேகம் குறைந்த இணைப்பு முறை) இருக்கிறது, என்விஎம்இ வகையும் (புதிய, வேகமான முறை) இருக்கிறது. சில ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும். சில ஒன்றை மட்டும். முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. "பெரும்பாலும்" என்ற சொல்லை விடாதீர்கள். இறுதி விடை போர்டின் கையேட்டில்தான். இன்னொன்றும் அந்தக் கையேட்டிலேயே இருக்கும்: சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். புதிய எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனது என்று பதறுபவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

பிராசசர் மாற்றும் வழிகாட்டி என்றால் பயாஸ், அதாவது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள், எந்தப் பதிப்பு என்று வாசலிலேயே சோதியுங்கள். ஏஎம்டி பிராசசர்களுக்கான பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை ஓடும், ஆனால் பயாஸ் பழையதாக இருந்தால் திரையில் எதுவும் வராது. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். இதை ஏழாம் படியில் சொன்னால், படிப்பவர் ஆறாம் படியில் பழைய பிராசசரைக் கழற்றி வைத்திருப்பார்.

எல்லாம் சரி, தன்னிடம் என்ன இருக்கிறது என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கணினி ஓடுகிறதென்றால் சிபியு-இசட் போன்ற சிறு மென்பொருள் மதர்போர்டின் மாடல், பயாஸ் பதிப்பு, ரேம் வகை மூன்றையும் காட்டும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஆனால் சாலிடர் செய்த ரேமையும் ஸ்லாட் என்று அது எண்ணிவிடுவதுண்டு, அதனால் லேப்டாப்பில் அதை மட்டும் நம்பி வாங்கச் சொல்லாதீர்கள். கணினி ஓடவில்லை என்றால் போர்டின் மேல் அச்சிட்ட பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். அருகில் ரிவிஷன் எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ரிவிஷன் வந்திருந்தால் பயாஸ் கோப்பு வேறாக இருக்கலாம். லேப்டாப்பில் மேல் மூடியில் உள்ள வணிகப் பெயர் போதாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்தான் வேண்டும்.

கருவிகளும் அளவுகளும்

"ஒரு ஸ்க்ரூடிரைவர்" என்று எழுதுவது சமையல் குறிப்பில் "தேவையான பொருட்கள்" என்று மட்டும் எழுதி நிறுத்துவது போல. டெஸ்க்டாப்பில் பெரும்பாலான வேலைக்கு பிலிப்ஸ் 2-ஆம் எண், எம்.2 ஸ்க்ரூவுக்கு 1 அல்லது 0, லேப்டாப் அடிமூடிக்கு 0 அல்லது 00. தவறான எண்ணைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோகும். அதன்பின் அந்த வழிகாட்டியின் மீதி எதற்கும் உதவாது.

ஸ்க்ரூக்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கேபினெட் ஸ்க்ரூ, பவர் சப்ளை ஸ்க்ரூ, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஸ்க்ரூ ஆகியவை வழக்கமாக 6-32 வகை, மரை சற்று அகலமாக இருக்கும். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு எம்3, அதாவது 3 மி.மீ. விட்டமுள்ள மரை. எம்.2 எஸ்எஸ்டிக்கு எம்2, அதாவது 2 மி.மீ. விட்டம், பெரும்பாலும் 3 மி.மீ. நீளம். இந்தக் கடைசி ஸ்க்ரூ தனியாக வாங்கும் எஸ்எஸ்டியோடு பெரும்பாலும் வராது, மதர்போர்டு பெட்டியில் சிறு பொட்டலத்தில் கிடக்கும். "அதை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்" என்ற ஒரு வரி, பாதி வேலையில் பெட்டியைக் குடைவதிலிருந்து ஒருவரைக் காப்பாற்றும்.

அளவு சொல்ல வேண்டிய இடத்தில் "சிறிதளவு" என்ற சொல்லை அறவே ஒழியுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் என்றால், சாதாரண டெஸ்க்டாப் பிராசசரின் நடுவில் 4 முதல் 5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பொட்டு. கூலரின் நான்கு ஸ்க்ரூக்களையும் ஒரேயடியாக இறுக்காமல், மூலைக்கு மூலை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று மட்டும் திருப்பிக்கொண்டே போக வேண்டும்.

படிகளை எழுதும் முறை

ஒவ்வொரு படியிலும் மூன்று பகுதிகள் இருக்கட்டும்: ஒரு செயல், அது சரியாக நடந்ததற்கு ஓர் அடையாளம், அடையாளம் தெரியாவிட்டால் செய்ய வேண்டியது. ஒரே வாக்கியத்தில் இரண்டு செயல் வந்தால் பிரித்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் என்விஎம்இ எஸ்எஸ்டி பொருத்தும் வழிகாட்டி இந்த முறையில் எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

1. கணினியை ஷட்டவுன் செய்யுங்கள். பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்குங்கள். பிறகு முன்பக்கப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் எரிந்துகொண்டிருக்கும் சிறு விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கம்பி இன்னும் இணைப்பில் இருக்கிறது.

2. கேபினெட்டைப் படுக்க வையுங்கள். நிற்க வைத்து வேலை செய்தால் எம்.2 ஸ்க்ரூ கைதவறி கிராபிக்ஸ் கார்டுக்குப் பின்னால் விழும்.

3. எம்.2 ஸ்லாட்டின் மேல் உலோகத் தகடு இருந்தால் கழற்றுங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடில் (வெப்பம் கடத்தும் மென்மையான பட்டை) மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதை உரித்துவிடுங்கள். ஏற்கனவே உரிக்கப்பட்டிருந்தால் பேட் விரலில் லேசாக ஒட்டும்.

4. 80 மி.மீ. இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப், அதாவது ஸ்க்ரூ மாட்டும் சிறு உலோகக் கால், இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நீளத்துக்கான துளையில் இருந்தால் கழற்றி இங்கே மாற்றுங்கள். சில போர்டுகளில் ஸ்க்ரூவுக்குப் பதில் திருப்பிப் பூட்டும் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும்.

5. எஸ்எஸ்டியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். கையை எடுத்ததும் அது சாய்ந்தபடியே தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தங்க நிறத் தொடுமுனைகள் ஒரு மயிரிழைக்கு மேல் வெளியே தெரிந்தால் முழுதாக உள்ளே போகவில்லை. வெளியே எடுத்து மறுபடி தள்ளுங்கள்.

6. மெதுவாகக் கீழே அழுத்தி ஸ்க்ரூவைப் போடுங்கள். இரண்டு விரல் பலம் போதும், நின்றதும் நிறுத்துங்கள்.

7. மூன்றாம் படியில் தகட்டைக் கழற்றியிருந்தால் திரும்பப் பொருத்துங்கள். கம்பியை மாட்டி, பின்பக்க ஸ்விட்சைப் போட்டு, பயாஸுக்குள் சென்று சேமிப்பகப் பட்டியலைப் பாருங்கள். எஸ்எஸ்டியின் பெயர் அங்கே இருந்தால் வன்பொருள் வேலை முடிந்தது. விண்டோஸில் தெரியாமல் இருப்பது வேறு பிரச்சினை.

ஏழாம் படியின் கடைசி வாக்கியம் முக்கியம். புதிய எஸ்எஸ்டி இன்னும் பார்மட் செய்யப்படாததால் "திஸ் பிசி" பக்கத்தில் வராது. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் இனிஷியலைஸ் செய்யக் கேட்கும், அங்கே காட்டும் இரண்டு பகிர்வு முறைகளில் ஜிபிடி தேர்ந்தெடுக்க வேண்டும். எம்பிஆர் தேர்ந்தெடுத்தால் 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. 1 டிபி வாங்கியவர் 931 ஜிபி என்று பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைப்பார். விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது என்பதை அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எச்சரிக்கையை எங்கே வைப்பது

ஆபத்தான செயலுக்கு முந்தைய வரியில். பக்கத்தின் தலையில் பத்து எச்சரிக்கைகளைக் குவித்தால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கு அடியில் வைத்தால் அதற்குள் உடைந்திருக்கும்.

எல்லா ஆபத்தும் ஒரே எடை அல்ல. உடலில் சேரும் நிலைமின்சாரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், அதைவிடச் சாதாரணமாக நடக்கும் சேதங்களைச் சொல்லாமல் விடுகிறார்கள். நிலைமின்சாரத்துக்கு இரண்டு வரி போதும்: கம்பளத்தின் மேல் வேலை செய்யாதீர்கள், பாகத்தை எடுக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுங்கள். உண்மையில் அழுத்திச் சொல்ல வேண்டியவை வேறு.

மாடுலர், அதாவது கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய, பவர் சப்ளையின் கேபிள்கள். பவர் சப்ளையை மட்டும் மாற்றி, பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றும். முனை பொருந்தவும் செய்யும். ஆனால் பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையிலும் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அந்த விநாடியே போய்விடும், அதிலிருந்த தரவும் சேர்த்து. பவர் சப்ளை வழிகாட்டியில் இந்த ஒன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள், வேறெதையும் போடாதீர்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான பிராசசரின் பின்கள் பிராசசரிலேயே இருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிப் பிரிக்க வேண்டும். எல்ஜிஏ சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருப்பதால் இது நேராது. அங்கே சாக்கெட்டுக்குள் எதையும் விழவிடாமல் இருப்பதுதான் கவலை.

லேப்டாப் என்றால் அடிமூடியைத் திறந்ததும் முதல் செயல் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் வழிகாட்டி அங்கேயே முடிய வேண்டும். நெம்பி எடுக்கும் முறையை எழுதாதீர்கள். அதேபோல பவர் சப்ளையின் உறையைத் திறக்கும் படி எதிலும் வேண்டாம். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

தரவு சம்பந்தமான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பயாஸ் புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ, பிட்லாக்கர் (டிஸ்க்கிலுள்ள தரவைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) இயங்கும் விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். தன் கணினியில் பிட்லாக்கர் இயங்குவதே பலருக்குத் தெரியாது. குறியீட்டை எழுதி வைத்துக்கொண்ட பிறகே முதல் படி.

"ஆன் ஆகலை" என்றால் என்ன?

கோளாறு பகுதியை எழுதும்போது பாகங்களின் வரிசையில் எழுதாதீர்கள். படிப்பவருக்குப் பழுது எந்தப் பாகத்தில் என்று தெரிந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார்? அவருக்குத் தெரிவதெல்லாம் கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும்தான். "ஆன் ஆகலை" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக் கேளுங்கள்.

ஃபேன் சுற்றவே இல்லை. பவர் சப்ளையின் பின் ஸ்விட்ச், 24 பின் கேபிள், முன்பக்கப் பட்டனின் இரண்டு சிறு கம்பிகள் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பட்டன் கம்பி ஒரு பின் தள்ளி மாட்டியிருப்பது சர்வசாதாரணம்.

ஃபேன் ஒரு விநாடி சுற்றி நிற்கிறது. எங்கோ ஷார்ட் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். புதிதாகப் பொருத்திய கணினியில், மதர்போர்டுக்கு அடியில் துளை இல்லாத இடத்தில் மிச்சமான ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று போர்டின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் இல்லை. இதற்கு விரிவாக எழுதுங்கள், வருபவர்களில் பலர் இங்கேதான் நிற்பார்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டியிருக்கிறதா? இன்டெல்லின் எஃப் என்று முடியும் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அந்தத் துளையில் படம் வரவே வராது. பிராசசருக்கான 8 பின் கேபிள் மாட்டியாயிற்றா? ரேம் முழுதாக உட்கார்ந்ததா? ரேமை அழுத்த வேண்டிய பலம் புதியவர்கள் துணிவதைவிட அதிகம். கொக்கி "டக்" என்று தானே மூடும்வரை அழுத்த வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருப்பதால் மறுபக்கம் தூக்கிக்கொண்டிருப்பது தெரியாமல் போகும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால் வழக்கமாகப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். டிடிஆர்5 போர்டு முதல் முறை ஓடும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையிலேயே நிற்கக்கூடும், அதற்குள் மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால் எது அணையாமல் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதித் தேடல் மிச்சம்.

லோகோ வந்து நிற்கிறது. பூட் வரிசையையும் சேமிப்பகத்தையும் பார்க்க வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற சேமிப்பக மேலாண்மை அமைப்பு இயங்குவதால், விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியாது. அதற்கான டிரைவரை பென்டிரைவில் வைத்து நிறுவலின் நடுவே கொடுக்க வேண்டும். எஸ்எஸ்டி பழுது என்று திருப்பி அனுப்பும் முன் பார்க்க வேண்டிய இடம் இது.

படங்கள்

எல்லாப் படிக்கும் படம் தேவையில்லை. திசை தவறக்கூடிய இடத்துக்கும், சரி, தவறு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும் இடத்துக்கும் மட்டும் போதும். முழுதாக உட்கார்ந்த ரேமையும் அரைகுறையாக உட்கார்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரே படம், தனித்தனிப் பத்துப் படத்துக்குச் சமம். வேலை செய்பவர் நிற்கும் பக்கத்திலிருந்தே எடுங்கள். சீரியல் எண், விண்டோஸ் உரிமக் குறியீடு தெரியும் ஸ்டிக்கர்களை மறையுங்கள். கட்டளைகளைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள், நகலெடுக்க வேண்டுமே.

சோதனை

எழுதியவரே செய்து பார்ப்பது சோதனை ஆகாது. எழுதாமல் விட்டதை அவர் கை தானாகவே செய்துவிடும். அந்த வேலையை முன்பு செய்யாத ஒருவரிடம் வழிகாட்டியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாய்திறக்காமல் பாருங்கள். அவர் தயங்கும் இடம், திரும்ப மேலே உருட்டும் இடம், "இதுவா?" என்று நிமிர்ந்து பார்க்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பதில் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள், அந்தப் பதிலை வழிகாட்டியில் எழுதுங்கள். பழைய, பழுதான மதர்போர்டு ஒன்று இந்தச் சோதனைக்குத் தாராளமாகப் போதும்.

எது சீக்கிரம் பழையதாகும்

ஸ்க்ரூ அளவும் ரேம் அழுத்தும் முறையும் பல ஆண்டு மாறாது. பயாஸ் மெனுவின் பெயர்கள், மென்பொருளின் திரைகள் ஓரிரு ஆண்டில் மாறும். "எதை வாங்கலாம்" என்ற பட்டியல் சில மாதங்கள்கூடத் தாங்காது. ஒரே மாடல் பெயரில் உள்ளே இருக்கும் சிப்பை மாற்றி விற்கும் எஸ்எஸ்டிகள் வேறு இருக்கின்றன. ஆகவே மூன்றையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். செய்முறை ஒரு பக்கம், வாங்கும் பரிந்துரை தனிப் பக்கம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பற்றிய ஒரே பத்தியை மாற்ற முழு வழிகாட்டியையும் திருத்த வேண்டிய நிலை இப்படிக் கலந்து எழுதியவர்களுக்குத்தான்.

ஒவ்வொரு வழிகாட்டியின் தலையிலும் நான்கு விவரங்கள் ஒரே வரியில் இருக்கட்டும்: எந்த மதர்போர்டு அல்லது லேப்டாப் மாடலில் செய்து பார்த்தது, எந்த பயாஸ் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தத் தேதி. படிப்பவரின் திரை வழிகாட்டியிலிருந்து மாறுபட்டால், தவறு தன் கையிலா பதிப்பிலா என்று அவர் முதலில் பார்க்கும் வரி அதுதான்.